நேத்து ஏன் அணைஞ்சேன்?

மூடிட்டேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வெளிய வேடிக்கை பார்த்துட்டு இருந்தீங்க, மடியில லேப்டாப் அது பாட்டுக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. எதுக்கு வீணா எரியணும்? அதான் மூடியைப் பிடிச்சு அமுக்கிட்டேன். ஏதாவது எழுதிட்டு இருந்தீங்களோ? போயிருக்காது. போனாலும் உங்களுக்குச் சின்ன வயசு, திரும்ப எழுதிக்கலாம்.

கம்ப்யூட்டர் ஆளா நீங்க? பையைப் பார்த்தாலே தெரியுது. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரு கம்பெனிக்கு டெஸ்க்டாப் ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லதா, சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லதா? இருங்க இருங்க, நீங்க சொல்ல வேணாம். நீங்க படிச்சதைச் சொல்லுவீங்க, நான் பட்டதைச் சொல்றேன். பஸ் மதுரை போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் கிடக்கு.

டெஸ்க்டாப்தான் நல்லது. ஏன் தெரியுமா? அது கேள்வி கேக்காது.

என் பேரு சுந்தரமகாலிங்கம். சிவகாசியில ஒரு காலண்டர் கம்பெனியில முப்பத்தொரு வருஷம். அதுல பதினெட்டு வருஷம் மேனேஜர். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், உப்புத் தின்ன இடம். முதலாளி ஒரு கூறுகெட்ட மனுஷன், அதை மட்டும் சொல்லிக்கறேன். பேரு எதுக்கு?

எங்க ஊரு உங்களுக்குத் தெரியும்ல? காகிதமும் நெருப்பும் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, இப்ப முதலாளியா இருக்கற அண்ணாச்சியோட அப்பா, பெரிய அண்ணாச்சி, என் கையில சாவியைக் கொடுத்துச் சொன்னாக. "எல்லாரும் போனப்புறம் மெயினை இறக்கிட்டுப் போப்பா. உள்ள நாலு டன் காகிதம் படுத்திருக்கு. ஒரு பொறி போதும்." அவ்வளவுதான். அன்னைக்குப் பிடிச்ச கைப்பிடி. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மெயின் சுவிட்ச்சை நானே இறக்குவேன். டடக்குனு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதைக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கும் மண்டபத்துல இருந்து பட்டு வேட்டியோட சைக்கிள்ல வந்து இறக்கிட்டுத்தான் போனேன். என் வீட்டுக்காரி கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. ஆனா முப்பத்தொரு வருஷத்துல எங்க கம்பெனியில ஒரு பொறி உண்டா? கிடையாது. இதை எவனாவது எங்கயாவது எழுதி வச்சிருக்கானா? அதுவும் கிடையாது.

காலண்டர் தொழில் எப்படின்னா, ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புது ஆல்பம் வரும். அதைப் பார்த்துக் கடைக்காரங்க ஆர்டர் கொடுப்பாக. அதுல இருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. மேல சாமி படம், நடுவுல தேதி, கீழ கடை பேரும் போன் நம்பரும். மூவாயிரத்து எண்ணூறு கடை, ஒவ்வொண்ணுக்கும் தனி டிசைன். ஒருத்தன் லட்சுமி இன்னும் கொஞ்சம் சிரிக்கணும்பான். இன்னொருத்தன் முருகனுக்குப் பக்கத்துல தன் அப்பா படம் வரணும்பான், அதுவும் முருகனை விட ஒரு நூல் பெருசா. எல்லாம் செஞ்சு கொடுக்கணும்.

இதுக்குன்னு இருபத்தாறு பேர் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து டிசைன் பண்ணுவாங்க. பண்ணினதை எல்லாம் மூலையில இருக்கற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு வைப்பாங்க. அது சாதாரண டெஸ்க்டாப். தங்கமான மெஷின். அதுல ஒரே ஒரு குணம், ஒரே நேரத்துல இருபது பேருக்கு மேல உள்ள விடாது. இருபத்தோராவது ஆள் போனா கதவைச் சாத்திரும். அதுக்கு நான் என்ன செஞ்சேன்? சைக்கிள் ஸ்டாண்டுல கொடுப்பாங்கல்ல, அந்த மாதிரி இருபது தகர வில்லை அடிச்சேன், நம்பர் போட்டு. வில்லை இருக்கறவன் வேலை பார்ப்பான், இல்லாத ஆறு பேர் பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தன் எழுந்தா வில்லையை வாங்கிட்டு அடுத்தவன் போவான். டாக்டர் வீடு மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

சில நாள் மத்தியானத்துல அது பாட்டுக்கு, 'என்னைப் புதுப்பிச்சுக்கறேன், பொறுங்க'ன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் சுத்திட்டே இருக்கும். நான் என்ன பண்ணுவேன், எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிருவேன். மனுஷனுக்கு ஓய்வு வேணும்னா மெஷினுக்கு வேணாமா? நான் அப்படி நினைக்கற ஆளு. ராத்திரி எட்டு மணிக்கு மெயினை இறக்கினா அதுவும் சத்தமில்லாம அணைஞ்சுக்கும். காலையில பொத்தானை அமுக்கினா நல்ல பிள்ளையா எழுந்திரிக்கும். ஏன் அணைச்சே, எதுக்கு அணைச்சேன்னு ஒரு வார்த்தை? கிடையவே கிடையாது.

அப்பத்தான் கற்பகவல்லி வந்துச்சு. திருத்தங்கல் பொண்ணு, எம்.சி.ஏ. படிச்சது, சிஸ்டம் பார்க்கறதுக்குன்னு அண்ணாச்சி எடுத்தாக. குரல் உசத்திப் பேசாது. அந்த மாதிரி ஆளுங்ககிட்டத்தான் தம்பி ஜாக்கிரதையா இருக்கணும். வந்த ஒரு மாசத்துல பெஞ்சுல இருந்த ஆறு பேரைப் பார்த்துச்சு, என் வில்லையைப் பார்த்துச்சு. அடுத்த வாரம் ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் கொண்டாந்து அண்ணாச்சி மேசையில வச்சிருச்சு. நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் டெஸ்க்டாப், அந்தப் பக்கம் சர்வர்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "லிங்கம், படிச்சுப் பார்த்து உன் அபிப்பிராயம் சொல்லு"ன்னாக. படிச்சேன். டெஸ்க்டாப்ங்கறது ஒருத்தர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்க்கறதுக்கு, சர்வர்ங்கறது முன்னாடி யாரும் உட்காராம எல்லாருக்கும் வேலை பார்க்கறதுக்கு, இப்படி எழுதியிருந்துச்சு. நான் கேட்டேன், "யாருமே உட்காராத மெஷினுக்கு எதுக்கும்மா இவ்வளவு விலை?" பார்க்கவும் ரெண்டும் ஒரே மூஞ்சி தம்பி. அதே நீலம், அதே மூலையில அதே பொத்தான். ஒரே துணியில ரெண்டு சட்டை தச்சு ஒண்ணுக்கு அஞ்சு மடங்கு விலை சொல்றான்.

விலையோட விட்டானா? அதை உபயோகிக்கற ஒவ்வொரு ஆளுக்கும் தனியா லைசென்ஸ் வாங்கணுமாம். மண்டபத்துக்கு வாடகை வாங்கிட்டு, பந்தியில உட்கார்றவனுக்கெல்லாம் இலைக்குக் காசு கேட்டா எவனாவது மொய் எழுதுவானா? அதுக்கு அந்தப் பொண்ணு, "சும்மா கிடைக்கற சர்வர் சிஸ்டமும் இருக்கு சார், ரொம்ப நல்லா ஓடும், பழகிக்கணும்"னுச்சு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு ஓட்டிக் காட்டுச்சு. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து, ஒரு படம் கிடையாது. லட்சுமி படம் போட்டு வயிறு வளர்க்கற கம்பெனியில, விடிஞ்சதும் கறுப்புல முழிக்கச் சொல்றியான்னு கேட்டேன். அண்ணாச்சிக்கே முகம் மாறிருச்சு.

ஆனா அவுக அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாக. "விலை கொடுத்து வாங்கினா இருபத்தாறு பேரும் ஒரே நேரத்துல வேலை பார்க்கலாமா?" "இருநூறு பேர் பார்க்கலாம் சார்." "வாங்கிரு."

முடிஞ்சுது. என் இருபது வில்லையும் அன்னைக்கே டிராயருக்குள்ள போச்சு. மேனேஜர்னு ஒருத்தன் பக்கத்துலயே நிக்கிறேன்.

சரி, வந்தது வந்துருச்சு, மரியாதையை விட்டுரக் கூடாதுல்ல? சர்வர்ல அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒரு கணக்கு உண்டு. அதை அந்தப் பொண்ணு தன் பேர்ல போடப் பார்த்துச்சு. அட்மினிஸ்ட்ரேட்டர்னா தமிழ்ல என்னம்மான்னு கேட்டேன். நிர்வாகின்னுச்சு. இங்க நிர்வாகி யாருன்னு கேட்டேன். எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்துச்சு. தினமும் காலையில எட்டரைக்கு நான்தான் முதல் ஆளு. மெஷினைப் போட்டு, என் பேரையும் ரகசிய வார்த்தையையும் அடிச்சு, நானே திறந்து வைக்கறதுன்னு ஏற்பாடு.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம் போல மெயினை இறக்கினேன். மறுநாள் காலையில திறக்கறேன், திரை நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்குது. 'நேத்து எதிர்பாராம அணைஞ்சேன். ஏன் அணைஞ்சேன்? காரணத்தை எழுது.' அண்ணாச்சியே என்னைக் காரணம் கேட்டதில்ல. வாங்கி ஒரு ராத்திரி ஆகல, பெட்டியில இருந்து பிரிச்ச தெர்மாகோல் இன்னும் அங்கயே கிடக்கு, அது என்னைக் கேக்குது! மூடலாம்னு பார்த்தா மூட முடியல. காரணம் எழுதாம உள்ள விடாது. வேற வழியில்லாம, 'ஆபீஸ் டைம் ஓவர்'னு எழுதினேன். அப்புறம்தான் விட்டுச்சு.

அந்தப் பொண்ணு வந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். "அது சர்வர் சார், அதை அணைக்கவே கூடாது"ன்னுச்சு. "அணைக்கவே கூடாதுன்னா, அது என்ன அணையா விளக்கா? நம்ம ஆபீஸ் என்ன வடலூரா?"ன்னேன். "கோயில் நடையையே ராத்திரி சாத்தறாங்கம்மா. சாமிக்கே பள்ளியறை உண்டு. உன் மெஷின் சாமிக்கு மேலயா?"

ஆனா அந்தப் பொண்ணு விடல. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லா டிசைனையும் அது இன்னொரு பெட்டியில நகல் எடுத்து வைக்கும் சார், அணைச்சுட்டா நகல் இருக்காதுன்னுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யாரு வேலை பார்க்கச் சொன்னான்னு கேட்டேன். சரின்னு மத்தியானம் ஒரு மணிக்கு மாத்துச்சு. அப்ப எல்லா மெஷினும் நத்தை மாதிரி ஊர ஆரம்பிச்சுச்சு. சாப்பாட்டு நேரத்துல மனுஷனுக்கே வேலை கிடையாது, நிறுத்தும்மான்னுட்டேன். அப்புறம் ஒரு பேட்டரிப் பெட்டியை வாங்கி வச்சுச்சு. மெயினை இறக்கினதும் அது கீங் கீங்னு கத்தும். வாட்ச்மேன் மறுநாள் என்கிட்ட வந்து, "உள்ள ஏதோ அழுதுட்டே இருக்கு சார்"ங்கறான். அதையும் எட்டு மணிக்கு அமுக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன். சர்வருக்கு மட்டும் தனி லைன் இழுத்துரலாம் சார், மத்ததை நீங்க இறக்கிக்கங்கன்னுச்சு. புதுசா வந்த மருமக தனிக்குடித்தனம் கேட்ட மாதிரி, வந்த மூணு மாசத்துல தனி லைன்! முடியாதுன்னுட்டேன்.

கடைசியா ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டாந்து, சாயங்காலம் ஏழரை மணிக்குத் தானே உட்கார்ந்து நகல் எடுத்துச்சு. சொல்லுங்க, காலண்டர் தொழில்ல டிசைனை நகல் எடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்? அடுத்த தெரு கம்பெனிக்காரன் தலை கீழா நிக்கிறான், எங்க லட்சுமியை எப்படிடா தூக்கலாம்னு. பெட்டியை வாங்கி என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். "அண்ணாச்சிகிட்டப் பேசட்டுமா சார்?"னு கேட்டுச்சு. யாரு பேசறதா இருந்தாலும் என் வழியாத்தான் பேசணும்னேன். அதோட அடங்கிருச்சு.

யப்பா கண்டக்டர், பட்டப்பகல்ல எதுக்குப்பா தலைக்கு மேல அந்த பல்பு? பார்த்தீங்களா, காதுலயே வாங்கல. இவனை எவனும் காரணம் கேக்க மாட்டான்.

எங்க விட்டேன்? ஆங், காரணம். மூணு வருஷம் தம்பி. தினமும் காலையில எட்டரை மணி. 'ஏன் அணைஞ்சேன்?' நானும் எழுதுவேன். முதல்ல, 'எட்டு மணி'. அப்புறம், 'எட்டு மணி ஆனா அணைப்போம், உனக்கென்ன?' ஆயுத பூஜைக்கு, 'இன்னைக்கு உனக்கும் லீவு, பொரி வச்சிருக்கேன்.' சந்தனம் குங்குமம் எல்லாம் நான்தான் வச்சேன், அந்தப் பொண்ணு, காத்து போற ஓட்டையில வைக்காதீங்க சார்னு பின்னாலயே ஓடி வந்துச்சு. போகப் போக என்ன ஆச்சுன்னா, காலையில போனதும் அது கேக்கும், நான் நாலு வார்த்தை எழுதுவேன், அது பழகிருச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்லதான் அடிப்பேன். முட்டி வலின்னு எழுதுவேன். மக போன் பண்ணி ஒரு மாசம் ஆச்சுன்னு எழுதுவேன். கரண்ட் பில்லை இவ்வளவு குறைச்சுக் காட்டியும் அண்ணாச்சி ஒரு வார்த்தை பாராட்டலன்னு எழுதுவேன். அது திருப்பிப் பேசாது. ஓகேன்னு அமுக்கினா உள்ள விட்டுரும்.

போன பங்குனிக்கு முந்தின பங்குனியில என் வீட்டுக்காரி தவறிட்டா. கனியம்மா. மத்தியானம் மூணு மணிக்குப் போச்சு உயிர். எட்டு மணிக்கு நான் கம்பெனிக்குப் போய் மெயினை இறக்கிட்டு வந்தேன். அப்படிப் பார்க்காதீங்க தம்பி, நான் இறக்கலன்னா யாரு இறக்குவா? நாலு டன் காகிதம் உள்ள கிடக்கு. மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் ராத்திரி போய் இறக்கினேன். நாலாம் நாள் காலையில வீட்டுல இருக்கப் பிடிக்கல, ஆபீசுக்கே போயிட்டேன். மெஷினைப் போட்டேன். கேட்டுச்சு. கையை வச்சுட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு தெரியல. 'கனி போயிட்டா'ன்னு அடிச்சேன். உள்ள விட்டுச்சு.

அதை விடுங்க. விஷயத்துக்கு வர்றேன்.

போன கார்த்திகை. சீசன் உச்சம். காலையில எட்டரைக்குப் பொத்தானை அமுக்கறேன், கேள்வியே கேக்கல. திரை இருட்டா நிக்குது, உள்ள டிக் டிக்னு பல்லி கத்தற மாதிரி ஒரு சத்தம். பல்லி சத்தம் கேட்டா நல்லதுன்னு முதல்ல கொஞ்சம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு. ஒன்பது மணிக்கு அந்தப் பொண்ணு வந்து காதை வச்சுக் கேட்டுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துருச்சு. மூவாயிரத்து எண்ணூறு கடை. எல்லா டிசைனும் அதுக்குள்ள. நகல்? நகல் எங்க இருக்கு? என் பீரோவுல இருக்கற சின்னப் பெட்டியில மூணு வருஷத்துக்கு முந்தின நாலு நாள் வேலை இருக்கு.

அண்ணாச்சி, "யாரு இதுக்குப் பொறுப்பு?"ன்னாக. நான் யோசிக்கவே இல்ல. சர்வர் வேணும்னு கேட்டது யாரு? டெஸ்க்டாப்பா இருந்த வரைக்கும் இப்படி ஒரு நாள் நடந்துச்சா? அதைத்தான் சொன்னேன். நீயே பார்த்துக்கன்னு சொல்லிட்டு அவுக உள்ள போயிட்டாக. நான் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, நாளையில இருந்து வர வேணாம்மான்னேன். "என்ன காரணம் சார்?"னு கேட்டுச்சு. அதே மெஷின் புத்தி, பார்த்தீங்களா? காரணம் எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது, கிளம்புன்னுட்டேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துச்சு. போறப்ப ஒரு சீட்டை என் மேசையில வச்சுச்சு, கெட்டுப் போன டிஸ்க்கைத் திறந்து பார்க்கற மதுரைக்காரர் ஒருத்தரோட நம்பர். "வேற யார்கிட்டயும் கொடுத்துராதீங்க சார், இவர் பொறுமையாப் பார்ப்பார்." போற ஆளுக்கு இது எதுக்கு, சொல்லுங்க.

அந்தப் பத்து நாள் நாங்க பட்ட பாடு இருக்கே! டிசைன் இல்ல. மறுபடி போடணும்னா மாதிரி வேணும். மாதிரி எங்க இருக்கு? போன வருஷத்துக் காலண்டர்ல இருக்கு. போன வருஷத்துக் காலண்டர் எங்க இருக்கு? கடைக்காரங்க சுவத்துல தொங்குது. இருபத்தாறு பேரையும் ஊர் ஊரா அனுப்பினோம். சாத்தூர், கோவில்பட்டி, ராஜபாளையம், தென்காசி. காலண்டர் கம்பெனிக்காரனே கடை கடையா ஏறி, அண்ணாச்சி ஒரு காலண்டர் கிடைக்குமான்னு கேட்டான் தம்பி. கம்பத்துல ஒரு பாத்திரக் கடைக்காரர், தை பிறக்கட்டும், தர்றேன்னு சொல்லி எங்க ஆளுக்கு ஒரு மஞ்சப் பையைக் கொடுத்து அனுப்பியிருக்கார். ஆயிரத்து நூறு கடைக்குத்தான் மார்கழிக்குள்ள கொடுக்க முடிஞ்சுது. மத்தவங்க அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க.

மதுரைக்காரர் வந்தார். கண்ணாடி போட்ட ஆளு, கையில ஒரு கட்டுக் காகிதம். டிசைன் பாதி கூடத் தேறலன்னார். ஏன் கெட்டுச்சுன்னு அண்ணாச்சி கேட்டாக. "நான் சொல்ல வேண்டியதில்லங்க, மெஷினே எழுதி வச்சிருக்கு. டிசைன்தான் போச்சு, இது மட்டும் ஒரு எழுத்து விடாம முழுசா வந்திருக்கு"ன்னு சொல்லிக் காகிதக் கட்டை மேசையில வச்சார். தொள்ளாயிரத்துப் பதினாலு வரி. ஒவ்வொண்ணுக்கும் தேதி, நேரம், பக்கத்துல என் பேரு. ஓடிட்டு இருக்கற மெஷினை இத்தனை தடவை கழுத்தைப் பிடிச்சு நிறுத்தினா அது மூணு வருஷம் தாங்கினதே பெருசுன்னார்.

அண்ணாச்சி படிக்கச் சொன்னாக. அந்த மனுஷன் ஒரு இங்கிதம் வேணாமா, எல்லாத்தையும் படிச்சார். பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு எடுக்கற மாதிரி. 'எட்டு மணி.' 'எட்டு மணி.' 'முட்டி வலி.' 'எட்டு மணி.' 'அண்ணாச்சிக்கு அவுக அப்பா புத்தியில கால்வாசி வரல.' அதையும் படிச்சார். அண்ணாச்சி, மேல படிங்கன்னாக. 'மக போன் பண்ணல.' 'எட்டு மணி.' அப்புறம் ரெண்டு வரி வந்துச்சு, அதுல என் பேரு இல்ல. கற்பகவல்லின்னு இருந்துச்சு. 'லிங்கம் சாரோட வீட்டம்மா இறந்துட்டாங்க. நேத்து அணைச்சதை யாரும் பெருசு பண்ண வேண்டாம்.' ரெண்டு நாளும் அதே வரி. நான் வராத அந்த ரெண்டு காலையும் அந்தப் பொண்ணு போய்த் திறந்திருக்கு. என்கிட்டக் கேக்காம, என் இடத்துல உட்கார்ந்து, எனக்காகக் காரணம் எழுதியிருக்கு பாருங்க! நிர்வாகி நானா அதுவா? அதுக்கு அடுத்த வரியைப் படிக்கறப்ப மதுரைக்காரர் குரலைத் தாழ்த்திட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அண்ணாச்சி என்னைத் திட்டியிருக்கலாம். கேட்டிருக்கலாம். ஏன் லிங்கம் இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உங்க அப்பா சொன்னாக அண்ணாச்சி, ஒரு பொறி போதும்னு சொன்னாகன்னு சொல்லியிருப்பேன். பதிலை நாக்கு நுனியில வச்சுட்டு நின்னேன். கேக்கவே இல்ல. காகிதக் கட்டை வாங்கிட்டு உள்ள போயிட்டாக.

தை மாசம், பொங்கல் முடிஞ்ச மறுநாள், ஒரு கடிதம் வந்துச்சு. இதோ, பையில வச்சிருக்கேன். 'இன்று முதல் தங்கள் சேவை தேவையில்லை. இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி.' அவ்வளவுதான். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், வெள்ளையா இருக்கு. முப்பத்தொரு வருஷம் தம்பி. ஒரு காரணம் போடல. என்ன மனுஷங்க? ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பறப்ப ஏன் அனுப்பறேன்னு ஒரு வரி சொல்ல வேணாமா?

அந்தப் பொண்ணா? அதுக்கு என்ன? அதைத்தான் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாகளே. சர்வருக்குத் தனி லைன் போட்டாச்சாம். ஒரு வயர், ஒரு சுவிட்ச், அரை நாள் வேலையாம். மத்த மெயினை எட்டு மணிக்கு இப்ப வாட்ச்மேன் இறக்கறானாம், சர்வர் மட்டும் விடிய விடிய எரியுதாம். என்ன கேட்டீங்க, அந்தப் பொண்ணை அனுப்பறப்ப நான் ஏதாவது காரணம் சொன்னேனான்னா? நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க கேக்கறதே எனக்குப் புரியல. அது வேற, இது வேற.

மதுரையில தொழிலாளர் ஆபீசுக்குத்தான் போயிட்டு இருக்கேன். நான் தொழிலாளி இல்ல, நிர்வாகி. நிர்வாகிக்குத் தனி ஆபீஸ் இல்லையாம், என்ன செய்ய? மனு பாரம் வாங்கி எல்லாம் எழுதிட்டேன், பேரு, வயசு, எத்தனை வருஷம், எல்லாம். ஒரே ஒரு கட்டம் பாக்கி. இதோ பாருங்க, ஒன்பதாம் நம்பர். 'பணியிலிருந்து நீக்கப்பட்டதற்கான காரணம்.' நாலு நாளா பேனாவை வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். தொள்ளாயிரம் காரணம் எழுதின கை தம்பி இது.

என்ன சொன்னீங்க? மெயினை இறக்கினேன்னா? அது எப்படிக் காரணம் ஆகும்? அது பழக்கம்.

திருமங்கலம் தாண்டிருச்சு போல. வேணாம், பேனாவை வச்சுக்கங்க. கட்டம் காலியாவே இருக்கட்டும். ஆபீசர் பார்த்துட்டு, ஏன்யா இது காலியா இருக்கு, காரணம் என்னன்னு கேப்பார்ல? கேக்கட்டும். காலையில எட்டரை மணி ஆனா இன்னும் சட்டையை மாட்டிட்டு உட்கார்ந்துக்கறேன் தம்பி, வீட்டுல என்னைக் காரணம் கேக்க எதுவும் இல்ல.